கோமதி குடிக்காத தண்ணீர்

பெண்கள் சைக்கிள் அணியோடு இந்த ஆண்டு புதிதாகத் துணைக்குப் போகப் போகிற உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மைதானத்தில் கத்திக் கத்திக் காலம் தள்ளிய பி.டி. டீச்சர் நான். சுருக்கமாகப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் உங்கள் கையில் கொடுக்கப் போவது ஒரு பை நிறையத் தண்ணீர் பாட்டில்கள்தான். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, ஓடும் சைக்கிளுக்குப் பாட்டிலை எப்படி நீட்டுவது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வேறு. சைக்கிளில் பாட்டில் இருக்கிறது, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பெண் குடிக்க மாட்டேன் என்கிறாள். அப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எழுபதுகளின் கடைசி. தில்லியில் மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தில்லிப் பெண்கள் சைக்கிள் அணியோடு கூடவே ஒரு பெண்மணி இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்துப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆட்டம் கோகோ. சைக்கிளில் ஏறியதே கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் போய் நின்றேன்.

கோச் ஒரு பஞ்சாபிக்காரர். அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டியவர். நல்ல மனுஷர், பெண்களை ‘பேட்டா’, குழந்தாய், என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட மாட்டார். என்னை ‘பெஹன்ஜி’, சகோதரி, என்று கூப்பிட்டுப் பாட்டில் பையைக் கையில் கொடுத்தார். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டு மூன்று, மற்றதெல்லாம் அலுமினியம். வெயிலில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் மருந்துக்கடை வாடை அடிக்கும். அலுமினியப் பாட்டில் கையைச் சுடும். அதற்குப் பழைய துணியில் உறை தைத்து நனைத்துப் போட்டேன். தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து உப்பும் சர்க்கரையும் கலந்தேன். பெருமையாக இருந்தது எனக்கு.

கோமதியைப் பற்றிக் கோச் முதல் நாளே சொல்லிவிட்டார். கரோல் பாகில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் மகளுக்கு ஒரு கெடு வைத்திருந்தார். இந்த முறை தில்லி அணிக்குத் தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவள் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். தேர்வாகாவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டு ஊரிலிருந்து வந்திருக்கும் ஜாதகங்களைப் பார்க்க ஆரம்பிப்பார். கோமதி கால் வலுவுக்குப் பயிற்சிக்கு வருகிற பெண்களில் ஈடு கிடையாது. ஆனால் இரண்டு முறை வெயிலில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருந்தாள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு முறை விழுந்தால் தேர்விலிருந்து பெயரை எடுத்துவிடுவேன், ஒரு பெண்ணின் உயிரோடு விளையாட என்னால் ஆகாது என்றார் கோச். அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஏன் விழுகிறாள் என்பதற்கு அவரிடம் ஒரு காரணமும் இருந்தது. உங்கள் மதராஸிப் பெண்கள் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள், எச்சில் என்பார்கள், சைக்கிளில் அண்ணாந்து குடித்தால் பாதை தெரியாது, அதனால் இவள் குடிப்பதே இல்லை என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. எங்கள் வீட்டில் தம்ளரில் வாய் பட்டால் அம்மா அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். கோச் கோமதிக்கென்று ஒரு பாட்டிலை ஒதுக்கி, சிவப்பு டேப் சுற்றி, வேறு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார். அந்தப் பாட்டில் ஒவ்வொரு நாளும் காலியாகத்தான் திரும்பி வந்தது. குடிக்கிறாள், ஆனாலும் வெயிலில் தள்ளாடுகிறாள் என்றால் இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவர் அடுத்த காரணத்துக்குப் போய்விட்டார்.

பாலம் விமான நிலையத்தைத் தாண்டி நஜஃப்கர் போகிற சாலையில்தான் பயிற்சி. இன்றைக்கு துவாரகா என்று அடுக்குமாடிகள் நிற்கிற பக்கமெல்லாம் அன்று வயல். ஒருநாள் வாய்க்கால் பாலத்துக்கு அருகே நான் நின்றுகொண்டிருந்தேன். கோமதி தனியாக வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் பாட்டிலை எடுத்தாள், மூடியைப் பல்லால் இழுத்தாள், தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீர் முழுவதையும் சாலையில் கொட்டினாள். கழுத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாலாவது புரிந்துகொண்டிருப்பேன். கொட்டிவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். குனிந்து மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கழுவி, நான் நிரப்பி, நான் உறை தைத்த பாட்டில். என் கை பட்டதுகூட இவளுக்கு ஆகவில்லையா என்று மனசுக்குள் பொருமினேன். நல்ல வேளை, அன்றைக்கு வாய் திறக்கவில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கோபம் இருக்கும்போது எந்தப் பெண்ணிடமும் எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள்.

அடுத்த பயிற்சிக்கு ஒரு பிளாஸ்க் நிறைய டிகிரி காப்பி கொண்டுபோனேன். விடியுமுன் வேனில் ஏறி வருகிற பெண்கள், சூடாக ஒரு வாய் குடிக்கட்டுமே என்று. ஒருத்தி தொடவில்லை. வேண்டாம் டீச்சர், நோ மேடம், நஹீன் ஜி என்று ஆளுக்கொரு பாஷையில் மறுத்துவிட்டார்கள். காப்பியை வீணாக்க மனசு வராமல் நானே ஊற்றி ஊற்றிக் குடித்தேன்.

வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கோதுமை அறுவடை முடிந்து கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தாள்கட்டை. மறைவுக்கு ஒரு செடி இல்லை. சாலையோரம் இருந்த முள் மரங்களுக்குக் கீழே ஆண்கள் போவதும் திரும்பிக்கொண்டு நிற்பதும் வருவதுமாக இருந்தார்கள். டிரைவர், கோச், ஆண்கள் அணிப் பையன்கள், ஒருவர் பாக்கியில்லை. பயிற்சி முடிந்து வேன் கரோல் பாக் திரும்ப மதியம் ஆகும். வேனுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்று நன்றாகத் தெரிந்தது.

அன்று மாலை கோமதியைத் தனியாக அழைத்துக் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என் காப்பிக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

“முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டப்புறம் தண்ணி குடிக்கமாட்டேன் டீச்சர். காலைலயும் கிடையாது. எல்லாரும் அப்படித்தான். மத்தவங்க ஓட்டும்போது ரெண்டு வாய் குடிச்சுக்கிடுவாங்க. எனக்கு அதுக்கும் பயம்.”

“அப்போ எச்சில்ங்கறது?”

“அது கோச் சார் அவங்களா சொன்னது. மறுத்தா வேற காரணம் சொல்லணும்லா. அவங்ககிட்ட போய் எப்படிச் சொல்ல? எச்சில் பாக்குறவன்னு நினைச்சாப் பரவால்லன்னு விட்டுட்டேன்.”

ஒரு பெண் மற்றப் பெண்களின் பார்வையில் ஆசாரக்காரி, திமிர்பிடித்தவள் என்று பெயர் எடுத்துக்கொண்டு, இதய நோயாளி என்றும் பெயர் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் படுத்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த ஒரு விஷயத்தை ஓர் ஆணிடம் வாய்விட்டுச் சொல்வதைவிட அதெல்லாம் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. வேண்டுமென்று யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பக்கத்துக் கிராமத்தில் யார் வீட்டிலாவது இடம் கிடைக்குமா என்று போய்ப் பார்த்தேன். எருமைக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரிலேயே அப்படி ஓர் அறை கிடையாது, நாங்களே இருட்டில் போய்விட்டு வந்தால் மறுபடியும் இருட்டின பிறகுதான், அதனால் பகலில் தண்ணீர்ப் பானைப் பக்கமே போவதில்லை என்றாள். இதைக் கேட்க நகரத்திலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாளே என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

யோசித்துப் பார்த்து, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற ஒரு டென்ட் ஹவுஸுக்குப் போனேன். தில்லியில் கல்யாணம் என்றால் தெருவையே அடைத்துக் கட்டுவார்களே, சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட துணித் தடுப்பு, அதற்குப் பெயர் கனாத். தேர்வுப் பந்தயம் நடக்கும் நாளில் நாலு பக்கமும் கனாத் கட்டி, உள்ளே ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் வைத்துத் தரச் சொன்னேன். யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார் கடைக்காரர். எங்க வீட்டுதுதான் என்றேன். கோச்சிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் காது சிவந்துவிட்டது. கட்டிக்கொள்ளுங்கள் பெஹன்ஜி, என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவசரமாக எழுந்து போனார். அவர் வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த வெட்கம் என்ன வினை வைத்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

பெண்களுக்குச் சொல்லிவிட்டேன். ராத்திரி மோர் குடியுங்கள், காலையில் எழுந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர், வேனில் வரும்போது கொஞ்சம். இடத்துக்கு நான் பொறுப்பு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதிதான் முதலில் சரி என்றாள்.

பந்தயத்தன்று விடியற்காலையிலேயே டென்ட் ஹவுஸ்காரர்கள் வந்து கனாத்தை அழகாகக் கட்டிவிட்டார்கள். நான் பெண்களின் எண் துணிகளை வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். கனாத்தைக் காணோம். வாளியும் குவளையும் வெட்டவெளியில் இருந்தன. காலையிலேயே அனல் காற்று புழுதியை வாரி இறைக்க ஆரம்பித்திருந்தது. தலைமை விருந்தினராக வந்திருந்த பெரிய அதிகாரிமேல் மண் படக்கூடாது என்று அமைப்பாளர்கள் அந்தக் கனாத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் நட்டுவிட்டார்கள். எதற்காகக் கட்டியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே. நல்ல ஏற்பாடு மேடம் என்று என்னைப் பாராட்ட வேறு செய்தார்கள்.

திருப்பிக் கொடுங்கள் என்றேன். விருந்தினர் உட்கார்ந்துவிட்டார், இப்போது எப்படிப் பிடுங்குவது என்றார்கள். தலைமை நடுவரிடம் போய்ப் பெண்கள் பந்தயத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று கேட்டேன். என்ன காரணம் என்றார். அத்தனை ஆண்கள் நடுவே எனக்கும் வாய் எழவில்லை. ஒரு சின்னக் காரணம் என்று மென்று விழுங்கினேன். கோட்டில் வந்து நிற்காத பெண்ணுக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண்கள் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே தவிப்பு. அழக்கூட முடியாத நிலை. கோமதி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க சொன்னீங்கன்னுதான் குடிச்சேன் டீச்சர்.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நான் ஏதாவது செய்வேன் என்று இன்னும் நம்புகிற குரல். அதுதான் என்னைக் குத்தியது. இப்படியே அனுப்பினால் வேதனையோடு ஓட்டுவாள், இடையில் ஒரு சொட்டு குடிக்க மாட்டாள், தோற்பாள். இனி எந்தக் காலத்திலும் எந்த டீச்சர் சொல்லியும் எந்தப் பெண்ணும் குடிக்கவும் மாட்டாள். பிடித்து நிறுத்தினால் ஆப்சென்ட், அவள் அப்பா வைத்த கெடு முடிந்துவிடும். கோச்சைத் தேடினேன். அவர் தூரத்தில் ஒரு சைக்கிள் சக்கரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரத்தில் எந்தப் பழுதும் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

மேடையில் மைக் இருந்தது. அறிவிப்பாளர் தண்ணீர் குடிக்க ஒதுங்கியிருந்தார், அவருக்கென்ன. நான் ஏறிப் போய் மைக்கைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டது, அதில் நாசூக்கான சொல் கிடையாது. பேஷாப் என்றே சொன்னேன். பெண்கள் எல்லோரும் பேஷாப் போக வேண்டும், அவர்களுக்காகக் கட்டிய கனாத் இந்த மேடைக்குப் பின்னால் இருக்கிறது, அதைத் திருப்பிக் கட்டி அவர்கள் போய் வந்த பிறகுதான் பந்தயம் தொடங்கும் என்றேன். வயல்வெளி முழுக்க அது எதிரொலித்தது. கிராமத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், ஆண்கள் அணி, ஐஸ் விற்கிறவன், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தலைமை நடுவர் முகம் கறுத்து என்னை நோக்கி வந்தார். அதற்குள் மேடையின் முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தலைமை விருந்தினரின் மனைவி எழுந்து நின்றார். பட்டுப் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக அதுவரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தவர். டென்ட் ஹவுஸ் ஆட்களைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போங்கள், ஜல்தி என்றார். பிறகு மேடையிலிருந்து இறங்கி எங்கள் பெண்களோடு நடந்து வந்து, வரிசையில் அவரும் நின்றார். அந்த அம்மாள் எத்தனை நேரமாகப் பொறுத்துக்கொண்டிருந்தாரோ. அவரே வரிசையில் நிற்கும்போது நடுவர் யாருக்கு ஆப்சென்ட் போடுவார்? வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பந்தயம் தொடங்கியது. நான் பாட்டில்களோடு வாய்க்கால் பாலத்துக்குப் போனேன். முதல் சுற்றில் கோமதி என் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். கொட்டுவாளோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வாயில் வைத்து உறிஞ்சினாள். அண்ணாந்து பார்க்கவே இல்லை, கண் சாலையில்தான் இருந்தது. அடுத்த சுற்றில் பாட்டில் கை தவறி விழுந்து உருண்டுபோயிற்று. அவள் பின்னால் வந்த பஞ்சாபிப் பெண், தான் குடித்துக்கொண்டிருந்த பாட்டிலை நீட்டினாள். கோமதி அதை வாங்கி அப்படியே வாயில் வைத்துக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என் பக்கத்தில் நின்ற கோச் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவள் எப்போதுமே இப்படிக் குடிப்பாளா, பெஹன்ஜி?” என்று கேட்டார்.

அவள் எச்சில் பார்க்கிறவளே இல்லை என்றேன். தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். ஒரு கேள்விக்குச் சட்டென்று பொருத்தமான பதில் கிடைத்துவிட்டால் நாம் எல்லோருமே அதற்கு மேல் கேட்பதில்லை. அதிலும் பதில் அடுத்தவர்களுடைய ஜாதியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், உடனே நம்பிவிடுவோம்.

மைக் விவகாரத்துக்காக மறுவருஷம் என்னை அழைக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் வேறு ஆள் கிடைக்காமல் மறுபடியும் கூப்பிட்டார்கள், போனேன். அதனால் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் வெட்கப்பட வேண்டிய வேளை வரும். அந்தப் பெண்கள் படவேண்டிய வெட்கத்தை நீங்கள் பட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாத இந்த வேலையில் நமக்கென்று இருக்கிற கடமை அதுதான் என்று நினைக்கிறேன்.

பந்தயத்துக்கு வருகிறேன். முதல் நான்கு பேருக்குத்தான் அணியில் இடம். கடைசிச் சுற்றில் வெயில் தகித்தது. இரண்டு பெண்கள் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். கோமதி முன்பு இரண்டு முறை விழுந்ததும் இப்படிக் கடைசிச் சுற்றில்தான். நான் முடிவுக் கோட்டுக்கு ஓடிவந்து நின்றேன். புழுதிக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள், பிறகு ஒருத்தி. மூன்றாவதாகக் கோமதி. சைக்கிள் நேராக வந்தது. கோட்டைத் தாண்டியும் விழவில்லை.

எல்லோரும் கத்திக்கொண்டு அவளிடம் ஓடினார்கள். அவள் யாரையும் காதில் வாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“டீச்சர், அந்தக் கனாத்து இன்னும் இருக்கா?”

இருக்கிறது என்று கை காட்டினேன். சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டு ஓடினாள். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போய் வெளியே நின்றேன். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எனக்கோ பொறுக்க முடியவில்லை.

“கோமதி, நீ மூணாவது” என்றேன் துணியைப் பார்த்து.

உள்ளே குவளை வாளியில் விழுகிற சத்தம் கேட்டது.

“நான் வெளிய வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்லா டீச்சர்” என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.